டோக்கன் போடாத கடல்

அடைப்பு மடம்
ஜனவரி 8, 2024

அன்புத் தம்பி ஜெஸ்டினுக்கும் பிளாரன்ஸுக்கும்,

பிறந்த பாலன் உங்கள் வீட்டை விட்டு நீங்காதிருக்கட்டும். நான் சுகம். குளிருக்கு முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது. முட்டிபோடுவதே தொழில் என்று ஆனபிறகு அதைச் சொல்லிப் பயன் என்ன? நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

வெள்ளத்தில் தூத்துக்குடி முழுகிக் கிடந்தது என்று மதர் சொன்னார்கள். பிளாரன்ஸின் அண்ணன் ஹென்றி வீட்டு மாடியில்தானே குடியிருக்கிறீர்கள், அங்கே தண்ணீர் ஏறியிருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கீழே ஹென்றி அண்ணன் குடும்பத்துக்குச் சேதம் ஒன்றும் இல்லையே?

தம்பி, நான் இந்த மடத்துக்குள் வந்து பதினாறு வருஷமாகிறது. கிறிஸ்துமஸுக்கு உன் கடிதம் வராத வருஷம் ஒன்றுகூட இல்லை. போனில் பேச எங்களுக்கு அனுமதி கிடையாது என்பதால் நீ ஒருவன்தான் பேனா பிடித்து எழுதுகிறாய். இந்த முறை மூன்று ராஜாக்கள் திருநாளும் கழிந்துவிட்டது. வெள்ளத்தில் தபால் எங்காவது ஊறிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சாம்பல் புதன் வந்துவிட்டால் ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதக் கூடாது. வருவதைப் படிக்கலாம், பதில் எழுத முடியாது. அதற்கு முன்னால் இரண்டு வரி எழுது.

ஜெபத்தில் உங்களை மறவாத அக்கா,
சிஸ்டர் ஜெர்லின்


தூத்துக்குடி
ஜனவரி 25, 2024

மரியாதைக்குரிய மைனிக்கு,

தேவமாதா கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவுங்கள்.

வெள்ளம் எங்கள் தெருவில் இடுப்பளவு வந்து வடிந்தது. அண்ணன் வீட்டில் பிரிட்ஜும் அரிசி மூட்டையும் போயின. மாடிக்கு ஒன்றுமில்லை.

உங்கள் தம்பி மங்களூருக்கு ஒரு போட்டில் வேலைக்குப் போயிருக்கிறார். திடீரென்று போகும்படி ஆகிவிட்டது. அதனால்தான் கடிதம் எழுதவில்லை. வந்ததும் எழுதச் சொல்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

தங்கள் அன்புள்ள,
பிளாரன்ஸ்


அடைப்பு மடம்
பிப்ரவரி 11, 2024

அன்புள்ள பிளாரன்ஸுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு. உன் கடிதம் கிடைத்தது. எண்ணெய் தடவினேன், கேட்கிறது.

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அவன் சுகம் என்று தனியாக எழுதவில்லை. மங்களூரில் எந்தப் போட்டு, யாரோடு போனான் என்று இல்லை. ஜெஸ்டின் சங்கு குளிக்கிறவன். வலைத் தொழில் அவனுக்குப் பிடிக்காது. மீனை நோக்கி நாம் இறங்கிப் போக வேண்டும், கூப்பிட்டு இழுக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்வான். அப்படிப்பட்டவன் மங்களூர் போட்டில் வலை இழுக்கவா போனான்?

போன வருஷம் விண்ணேற்பு அன்னை திருநாள் முடிந்து நீங்கள் இருவரும் என்னைப் பார்க்க வந்தீர்களே, நீ காப்பி குடிக்க எழுந்து போனபோது அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டான்: "யக்கா, சாமி ஆகாதுன்னு சொல்றதும் சர்க்கார் ஆகாதுன்னு சொல்றதும் ஒண்ணுதானா?"

"என்னத்தலே செய்யப் போற?" என்றேன்.

"சும்மா கேட்டேன்" என்று சிரித்தான். பிறகு கம்பியைத் தட்டிக் காட்டி, "ஒனக்கு இது நீயா கேட்டு வாங்குனது. எனக்குன்னா மாட்டுனாத்தான்" என்றான். அதற்குள் பார்வை நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

புதன்கிழமைக்குப் பிறகு நான் எழுத முடியாது. ஆனால் நீ எழுதுவது என் கைக்கு வரும். எது நடந்திருந்தாலும் எழுது, பிளாரன்ஸ். 

ஆண்டவர் காக்க,
சிஸ்டர் ஜெர்லின்


தூத்துக்குடி
மார்ச் 10, 2024

மரியாதைக்குரிய மைனிக்கு,

நீங்கள் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நீங்கள் பதில் எழுத முடியாத காலம் இது. அதனால்தான் இப்போது எழுதத் துணிகிறேன். பதில் உடனே வரும் என்று தெரிந்தால் என் கை ஓடாது.

மைனி, உங்கள் தம்பி மங்களூரில் இல்லை. அவர் இறந்துவிட்டார். டிசம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளத்துக்கு முந்தின ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் யாரும் கடலுக்குப் போவதில்லை, போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் போனார்கள். தீவுப் பக்கம், தடை செய்த கடல் அட்டை எடுக்க. கடலில் நம் ஆள் யாரும் இருக்க மாட்டார்கள், ஞாயிறு என்பதால் ரோந்தும் குறைவாயிருக்கும் என்று கணக்குப் போட்டார்களாம். ஒரு பைபர் படகு, நாலு பேர். மீன்துறையில் டோக்கன் போடவில்லை. போட்டால் எங்கே, எதற்கு என்று எழுத வேண்டுமே.

காற்று மெஷினை ஓடவிட்டு, குழாயை வாயில் கடித்துக்கொண்டு இவர் இறங்கியிருக்கிறார். குழாய் வாயை விட்டு நழுவிவிட்டது, ஆள் மேலே வரவில்லை, நாங்கள் குதித்துத் தேடினோம், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று வந்து சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி என் வீட்டுக்குள் நின்றுகொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும் கதவைச் சாத்தினார்கள். "வெளிய சொல்லிராத. மங்களூருக்குப் போயிருக்காருன்னு சொல்லு" என்றார்கள். புலியைக் கொன்றவனுக்கு என்ன சட்டமோ அதே சட்டம்தானாம் அட்டைக்கும். ஏழு வருஷம்வரை உள்ளே போடலாமாம். அவர் போய்விட்டார், இருக்கிற மூன்று குடும்பத்தையும் கெடுக்காதே என்றார்கள்.

அடுத்த வாரம் வெள்ளம் வந்தது. உடனே இன்னொரு யோசனை சொன்னார்கள். ஆத்தூர்ப் பக்கம் போனவர் ஆற்று வெள்ளத்தில் போய்விட்டார் என்று மனுக் கொடுக்கலாம், சாட்சிக்குக் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது, வெள்ளத்தில் போனவருக்கு இறப்புச் சான்று கிடைக்கும் என்று. மனுவை எழுதியே கொண்டுவந்துவிட்டார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இவர் ஆற்றில் போகிற ஆளா, மைனி? ஆற்றில் போனார் என்றால் ஆத்தூரில் தேடுவார்கள். கடலில் கிடப்பவரை ஆத்தூர் வாழைத் தோட்டத்தில் தேடுவதை நான் நின்று பார்க்க வேண்டும்.

வெள்ளை உடுத்த எனக்கு அனுமதி இல்லை. உடுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். தெருவில் யாராவது "மங்களூருல இருந்து போன் வந்துதா ஏளா?" என்று கேட்டால் வந்தது என்கிறேன். சிலபேர் தெரிந்துகொண்டே கேட்கிறார்கள்.

என்னை மன்னியுங்கள். உங்களுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பிளாரன்ஸ்


அடைப்பு மடம்
ஏப்ரல் 1, 2024
ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள பிளாரன்ஸ்,

உயிர்த்த ஆண்டவர் உன் பக்கத்தில் நிற்கட்டும். வேறு என்ன வார்த்தையில் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தை மூன்று வாரமாக அங்கிக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். எழுத முடியாதது நல்லதாயிற்று என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கே எழுதியிருந்தால் ஒரு கன்னிகை எழுதக் கூடாததை எழுதியிருப்பேன்.

எங்கள் அப்பா கடற்கரையில் பட்டப்பகலில் அட்டை அவித்துக் காயப்போடுவார். ஆபீசர் வந்து நிறுவையைப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். எனக்குப் பதினாறு வயதாயிருந்தபோது தடை வந்தது. முந்தின நாள் ஆகும் என்றிருந்தது மறுநாள் ஆகாது என்றாயிற்று. ஜெஸ்டினுக்குப் பன்னிரண்டு வயது. காயப்போட்டிருந்த அட்டையை அப்பா குழிதோண்டிப் புதைத்ததை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கரையில் இலங்கைக்காரன் லைசென்ஸ் வாங்கி அதே அட்டையை எடுக்கிறான் என்று பின்னால் தெரிந்தபோது, "அப்போ தப்பு அட்டையில இல்ல, எல்லக் கோட்டுல இருக்கு" என்றான். நான் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. அட்டை அற்றுப்போனால் கடலுக்குக் கேடு என்று படித்திருக்கிறேன். ஆனால் கடலுக்கடியில் கிடக்கும் ஒருவனை இறந்தான் என்று சொல்லக்கூட அந்தச் சட்டம் விடவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தினமும் சாயங்கால ஜெபத்தில் மரித்தவர்களின் பெயரைச் சொல்வோம். ஜெஸ்டின் பெயரைச் சொல்லலாமா என்று மதரிடம் கேட்டேன். "பங்கிலிருந்து அறிவிப்பு வரவில்லையே. இப்போதைக்கு நீ மனதுக்குள் சொல்லிக்கொள்" என்றார்கள். மனதுக்குள் சொல்கிறேன். ஒரு நாள் மரித்தவர்களோடு சொல்கிறேன், மறுநாள் பயந்து உயிரோடிருக்கிறவர்களோடு சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆற்று மனுவில் கையெழுத்துப் போடாதே. கடலில் போனவன் கடலில் போனான் என்று இருக்கட்டும்.

"அவர்கள், அவர்கள்" என்று எழுதியிருக்கிறாய். யார் அவர்கள்? யாருடைய படகு? நீ போய் அதைச் சொன்னால்தான் வழி பிறக்கும். சொல்ல என்ன தடை?

வேளைக்குச் சாப்பிடு.

உன் மைனி,
சிஸ்டர் ஜெர்லின்


தூத்துக்குடி
ஏப்ரல் 22, 2024

மரியாதைக்குரிய மைனிக்கு,

உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன். நான் நடமாடுகிறேன். நண்டுக் கம்பெனியில் தோடு உடைக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பகல் கழிகிறது.

மனுவில் கையெழுத்துப் போடவில்லை. கிழித்துவிட்டேன்.

நீங்கள் எழுதிய பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். கடலுக்குப் போன ஒருவர் திரும்பவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும், சார், என்று.

"எந்தப் படகு? டோக்கன் நம்பர் என்ன?"

"டோக்கன் போடலை சார்."

"அப்ப போகல."

"போனாங்க சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ஏம்மா, ஞாயித்துக்கெழம டோக்கன் போடாம எதுக்குப் போவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லு, நான் எழுதுதேன். எழுதுனா எல்லாத்தையும் எழுதணும். எழுதட்டுமா?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஜெமிமா என்று ஒரு வக்கீலம்மா இருக்கிறார். அவரிடம் போனேன். உடலும் இல்லை, கண்ணால் பார்த்த சாட்சியும் வராது என்றால் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு கோர்ட்டு இறந்ததாக எடுத்துக்கொள்ளும் என்றார். "அதுவரைக்கும் அவங்க யாரு மேடம்?" என்று கேட்டேன். "சட்டப்படி உயிரோட இருக்காங்க" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

பங்குச் சாமியிடம் ஒரு பூசை வைக்கக் கேட்டேன். "சுகத்துக்கா, ஆத்துமத்துக்காம்மா?" என்றார். நான் பூசைப் பணத்தை மட்டும் நீட்டினேன். அவர் புரிந்துகொண்டார். "ஆத்துமத்துக்குன்னு பேர் சொல்லி அறிவிச்சா நாளைக்கு என்கிட்ட விசாரிப்பாங்க. சுகத்துக்குன்னு வாசிச்சா நான் பீடத்துல நின்னு பொய் சொன்னதாயிரும். குடும்பக் கருத்துக்காகன்னு வாசிக்கேன்" என்றார். அப்படியே வாசித்தார். நான் நீலச் சேலை உடுத்திப் போயிருந்தேன்.

இவ்வளவுதான் செய்ய முடிந்தது.

பிளாரன்ஸ்


அடைப்பு மடம்
மே 9, 2024

பிளாரன்ஸ்,

சமாதானம்.

எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினாய். ஒன்றைத் தவிர.

உன் வீட்டுக்குள் வந்து நின்று அழுதவர்கள், கதவைச் சாத்தியவர்கள், உனக்கு மனு எழுதிக் கொண்டுவந்தவர்கள். அந்நியர்கள் அப்படி வீட்டுக்குள் வரமாட்டார்கள்.

ஹென்றியின் படகா?

அவன் உனக்கு அண்ணன். கீழே கிடப்பவன் எனக்குத் தம்பி. இதற்கு மட்டும் பதில் எழுது.

சிஸ்டர் ஜெர்லின்


அடைப்பு மடம்
ஆகஸ்ட் 15, 2024

அன்புள்ள பிளாரன்ஸுக்கு,

விண்ணேற்பு அன்னை உன்னைத் தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும். நான் சுகம். நீ சுகமா? இந்த முறை சடங்குக்காகக் கேட்கவில்லை.

மே மாதம் நான் எழுதிய கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. அது கடிதம் இல்லை, விசாரணை. தபாலில் போட்ட மறுநாளே தெரிந்தது. நீ எதையும் சொல்ல வேண்டாம். கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 'சுகம்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ஒரு நாள்கூட உன்னை விட்டு ஜெபித்ததில்லை.

உன் மைனி,
சிஸ்டர் ஜெர்லின்


தூத்துக்குடி
செப்டம்பர் 20, 2024

மரியாதைக்குரிய மைனிக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் உயிரோடிருக்கிறேன். இப்போது இருப்பது அண்ணன் வீட்டில் இல்லை. கம்பெனிப் பெண்களுக்கான விடுதியில் இருக்கிறேன். விலாசம் உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு ஒரே சொல்தான் பதில். அதை எழுத இத்தனை மாதம் கை வரவில்லை. ஆமாம், மைனி. ஹென்றி அண்ணன் படகுதான். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து, மாடியில் ஒரு அறை கட்டிக் குடிவைத்த அண்ணன். நான் வாயைத் திறந்தால் உள்ளே போகிற முதல் ஆள் அவன். அதனால்தான் ஸ்டேஷனில் எழுந்து வந்தேன்.

குழாய் நழுவியது யார் குற்றமும் இல்லை, கடல் எடுத்துக்கொண்டது என்று நம்பியிருந்தேன். அப்படியே வருஷம் கழிந்திருக்கும். இந்த மாதம் தொடக்கத்தில் அம்புரோஸ் கம்பெனி வாசலுக்கு வந்தான். அவனும் அன்று படகில் இருந்தவன், இவரோடு சேர்ந்து சங்கு குளிக்கிறவன். டிசம்பருக்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை, உப்பளத்தில் கூலிக்குப் போகிறான். ஆள் பாதியாக இருந்தான். சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் உட்காரவைத்து என் தூக்குச்சட்டியைக் கொடுத்தேன். தொடவில்லை.

"யக்கா, ஓஸ் நழுவல" என்றான். காற்றுக் குழாயைத்தான் சொன்னான்.

இவர் கீழே இருந்திருக்கிறார். அம்புரோஸ்தான் மேலே குழாயைப் பிடித்திருந்தான். தூரத்தில் ரோந்துப் படகு ஒன்று தெரிந்தது. அண்ணன் காற்று மெஷினை நிறுத்தச் சொன்னான். அம்புரோஸ் குழாயை ஆட்டிச் சைகை கொடுத்தான். கீழேயிருந்து பதிலுக்கு இரண்டு இழுப்பு வந்தது. இரண்டு இழுத்தால் தூக்கு என்று அர்த்தமாம்.

"தூக்குதேன் அண்ணாச்சின்னேன். நேரம் இல்லலேன்னாரு. திரும்பவும் ரெண்டு இழுப்பு. என் கையில துடிச்சுது யக்கா, சூண்டையில மீனு துடிக்குமே அப்பிடி. ஹென்றி அண்ணாச்சி கத்திய எடுத்து ஓஸ அறுத்துட்டாரு. இஞ்சின் போட்டுட்டாரு."

ரோந்துப் படகு அவர்கள் பக்கம் திரும்பவே இல்லையாம். தன் வழியே போய்விட்டதாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். மதினி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஓஸ அறுத்தியா அண்ணா?" என்றேன்.

மதினி கை நின்றுவிட்டது. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அம்புரோஸ் வந்தானா என்று கேட்டான். பிறகு சொன்னான்.

"புடிச்சா நாலு பேரும் உள்ள. படகு போச்சு, மெசினு போச்சு, ஏழு வருசம். அவன் நம்மளவிட மூச்சுக்காரன். அறுத்தா மேல வந்துருவான், நீந்துவான், அந்தால போயிட்டு வந்து ஏத்திக்கிடலாம்னுதான் நெனச்சேன். வந்தேம்லா? திரும்பி வந்து இருட்டுற வரைக்கும் தேடுனேம்லா? அவன் எனக்கு மச்சான் மட்டுமா ஏளா, கூட்டாளி."

"அவரு ரெண்டு தடவ இழுத்தாராமே."

"சட்டம் அப்பிடி வச்சிருக்கான். நான் என்ன செய்ய?"

அவன் அழுதான், மைனி. பொய்யாக அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். சட்டம் அப்படித்தான். அவன் தேடியதும் நிஜம். ஆனாலும் அட்டை எடுக்கக் கூடாது என்பதற்குப் பயந்த மனுஷன், ஒரு உயிரை அறுக்கக் கூடாது என்பதற்குப் பயப்படவில்லையே. அதை எந்தச் சட்டமும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனேன். அதே அதிகாரி இருந்தார். "எழுதுங்க சார்" என்றேன். அம்புரோஸை நான் கூப்பிடவில்லை. மத்தியானம் அவனாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அன்றே அண்ணனையும் படகிலிருந்த இன்னொருவரையும் கூட்டிவந்துவிட்டார்கள். அம்புரோஸையும் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்தான். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

மதினி என் பெட்டியை மாடியிலிருந்து கொண்டுவந்து தெருவில் வைத்தாள். அடுக்கித்தான் வைத்திருந்தாள், எறியவில்லை.

நான் செய்தது சரியா என்று உங்களிடம் கேட்க மாட்டேன்.

பிளாரன்ஸ்


அடைப்பு மடம்
அக்டோபர் 7, 2024
செபமாலை மாதா திருநாள்

என் அன்புத் தங்கை பிளாரன்ஸுக்கு,

ஆண்டவர் உன்னைத் தாங்கட்டும். விடுதியில் கொசுவலை இருக்கிறதா? நண்டுத்தோடு கையைக் கிழிக்குமே, மஞ்சள் வைக்கிறாயா?

இரண்டு இழுப்பு என்று படித்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு அதற்குமேல் படிக்க முடியவில்லை. மறுநாள் பூசைக்குப் பிறகு மீதியைப் படித்தேன்.

யாருடைய படகு, சொல், சொல் என்று உன்னை நெருக்கியவள் நான். நீ சொல்லிவிட்டாய். எனக்கு நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன். ஹென்றி ஜீப்பில் ஏறியதைப் படித்தபோது அவன் உங்கள் கல்யாணத்தில் ஓடி ஓடிப் பந்தி பரிமாறியதுதான் நினைவுக்கு வந்தது. அவன்மேல் எனக்குள்ள கோபம் போகவில்லை. போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். மன்னிக்க வேண்டும் என்று தெரியும். இன்னும் வாய் வரவில்லை.

நீ கேட்க மாட்டேன் என்றாய். கேட்காமலே சொல்கிறேன். சரி.

மதரிடம் முட்டிபோட்டுக் கேட்டேன். எங்கள் விதிப்படி இந்த வருஷத்துப் பார்வை நாட்கள் முடிந்துவிட்டன. ஆனாலும் உனக்காக விலக்குத் தந்திருக்கிறார்கள். திருவருகைக் காலம் தொடங்குவதற்குள் எந்த நாளும் நீ வந்து என்னைப் பார்க்கலாம். விருந்தினர் அறையில் தங்கலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும்.

வா.

உன் மைனி,
சிஸ்டர் ஜெர்லின்


தூத்துக்குடி
ஜனவரி 19, 2025

மரியாதைக்குரிய மைனிக்கு,

புது வருஷம் உங்களுக்கு நோவில்லாமல் கழியட்டும். என் கை ஆறிவிட்டது. கொசுவலை வாங்கிவிட்டேன்.

வரச்சொல்லி எழுதியிருந்தீர்கள், வரவில்லை. விசாரணைக்கு அடிக்கடி கூப்பிட்டார்கள். ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உங்கள் கடிதத்தில் 'விலக்கு' என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் திக்கென்றது. உங்கள் மடத்தில் அது கதவைத் திறந்துவிடுகிற சொல். எங்கள் தெருவில் இப்போது அதே சொல்லைத்தான் என்மேல் போட்டிருக்கிறார்கள். ஊர்க் கமிட்டி கூடிப் பேசி என்னை விலக்கி வைத்திருக்கிறது. சொந்த அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள், கடல் விவகாரத்தைக் கரைக்குக் கொண்டுபோனவள் என்று. கடையில் சாமான் கொடுக்கிறார்கள், பேச்சுக் கொடுக்கமாட்டார்கள்.

போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டது. ஜெமிமா மேடம் வாசித்துக் காட்டினார்கள். நான்கு பெயர். அண்ணன் இரண்டாவது. அவன்மேல் மட்டும் உயிர் போனதற்கும் சேர்த்து வழக்கு. முதல் பெயர் உங்கள் தம்பியுடையது. அட்டை எடுக்க இறங்கியவர் அவர்தானே. பக்கத்தில் 'முதல் எதிரி, இறந்துவிட்டார்' என்று போட்டிருக்கிறது.

"எதிரின்னா?" என்று கேட்டேன்.

"குத்தம் சாட்டப்பட்டவங்கள கோர்ட்டுல அப்படித்தாம்மா எழுதுவாங்க."

"யாருக்கு எதிரி மேடம்?"

"அரசுக்கு" என்றார்கள்.

அவர் இறந்துவிட்டார் என்று முதன்முதலாக எழுத்தில் வந்தது அதில்தான், மைனி. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். எதிரி என்று எழுதியதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார்களே, அது போதும் என்றிருந்தது. சான்றிதழுக்கு இனித்தான் கோர்ட்டில் தனியாக மனுப் போட வேண்டும். கிடைக்கும் என்கிறார்கள்.

அந்தக் காகிதத்தின் நகலைப் பங்குச் சாமியிடம் காட்டினேன். "போலீசே எழுதிட்டான். இனி நான் வாசிக்கத் தடை இல்ல" என்றார். பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் ஆத்தும இளைப்பாற்றிப் பூசை வைத்தார். நான் வெள்ளை உடுத்தினேன். பெட்டி இல்லாததால் ஒரு கறுப்புத் துணியை விரித்து நடுவே மெழுகுதிரி வைத்தார்கள். கோவிலில் அம்புரோஸின் அம்மா இருந்தாள், ஜெமிமா மேடம் இருந்தார்கள், கம்பெனிப் பெண்கள் சிலபேர் இருந்தார்கள். அந்தப் பெண்கள் இந்துக்கள், எப்போது எழுந்திருப்பது என்று என்னைப் பார்த்து எழுந்தார்கள். பாடகர் குழு வரவில்லை. தெருவிலிருந்து யாரும் வரவில்லை. சாமி 'மரித்த ஜெஸ்டின்' என்று சத்தமாக வாசித்தார். மதரிடம் சொல்லுங்கள், பங்கில் அறிவித்தாயிற்று. இனி நீங்கள் வாய்திறந்து சொல்லலாம்.

பூசை முடிந்து திரும்பும்போதுதான் பார்த்தேன், கடைசித் தூணுக்குப் பின்னால் மதினி நின்றிருந்தாள். நான் வருவதற்குள் போய்விட்டாள்.

அம்புரோஸுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. போன திங்கட்கிழமை ஜெயிலுக்குப் போனேன். மனு எழுதிக் கொடுத்தேன். என்ன உறவு என்று கேட்ட இடத்தில் தங்கை என்று எழுதினேன். புகார் கொடுத்தது நீங்கள்தானே என்று வாசலில் இருந்தவர் கேட்டார். ஆமாம், பார்க்கக் கூடாதா என்றேன். அவருக்கும் தெரியவில்லை. உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, தடை ஒன்றும் இல்லை, அனுமதி உண்டு என்றார்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் ஒரு வார்டர் வந்தார்.

"ஆளு வர மாட்டேங்கான்மா" என்றார்.

அண்ணனுக்கு இரண்டு சட்டையும் ஒரு துண்டும் கொண்டுபோயிருந்தேன். பையைத் திருப்பித் தருவார் என்று கையை நீட்டினேன்.

"துணிய மட்டும் வாங்கிக்கிட்டான்" என்றார். வெறும் பையை மடித்து என் கையில் கொடுத்தார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பல் புதனுக்கு முன் முடிந்தால் எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
பிளாரன்ஸ்